குப்பையில் கிடைத்த அரக்கு சைக்கிள்

எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் குடியிருந்தவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். டைனமோ என்றால்தான் திரும்புவார். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் மெக்கானிக் வேலை. ஸ்ட்ரெச்சரோடு லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால் அந்த ஆஸ்பத்திரியே அவர் பெயரைச் சொல்லிக் கூவும். மற்ற நேரங்களில் அவர் அங்கே இருக்கிறாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

அது வேலை. பைத்தியம் வேறு. குப்பைமேட்டிலும் பழைய இரும்புக் கடையிலும் கிடக்கிற பழங்காலத்துச் சைக்கிள்களைக் கண்டால் அவருக்குக் கால் நகராது. இது எப்படி ஆரம்பித்தது என்று அவர் மனைவியே ஒரு நாள் என்னிடம் சொன்னார். ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பார்க்கப் போயிருக்கிறார். மாடிப்படியின் அடியில் கிடந்த ஒரு சைக்கிளை வாட்ச்மேன் இழுத்துக்கொண்டு போய்க் குப்பைத் தொட்டியின் மேல் சாய்த்திருக்கிறார். மூட்டுக்கு மூட்டு பூவேலை செய்த இரும்பு. இவர் வாட்ச்மேனிடம் சண்டைக்குப் போய்விட்டார். "அவ்வளவு அக்கறை இருந்தா நீயே தூக்கிட்டுப் போய்யா" என்று வாட்ச்மேன் சொல்ல, அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டார். சக்கரம் சுற்றவில்லை. தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வந்தார். "சைக்கிள் மேல மனுஷன் போய்ப் பாத்திருக்கோம், மனுஷன் மேல சைக்கிள் போறத இன்னிக்குத்தான் பாக்குறோம்" என்று தெரு சிரித்தது.

அதன்பிறகு ஒன்று பத்தாகி, பத்து வீடு கொள்ளாமல் போனது. மகன் வேலை கிடைத்து வெளியூர் போனதும் அவன் அறை சைக்கிள் அறையானது. கூரையில் சக்கரங்கள், கட்டிலுக்கடியில் ஹேண்டில்பார்கள், துணி அலமாரியில் தோல் சீட்டுகள். லீவுக்கு வந்தால் மகனுக்கு ஹாலில்தான் படுக்கை.

"இந்த வீட்டுல சக்கரம் இல்லாதது நான் ஒருத்திதான். அதான் யாரும் என்னைத் திரும்பிப் பாக்குறதில்ல" என்பார் மனைவி. அவர் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தார். நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கிற வேலை. வீட்டுக்கு வந்து உட்காரலாம் என்றால் நாற்காலியில் ஒரு பெடல் இருக்கும்.

டைனமோ எதையும் விற்கமாட்டார். புது பெயின்ட்டும் அடிக்கமாட்டார். மண்ணெண்ணெயில் கழுவி, துருவை உப்புத்தாளால் பொறுமையாகத் தேய்த்து, எண்ணெய்த் துணியால் துடைத்து, பழைய நிறத்தையே வெளியே கொண்டுவருவார். கழற்றிப்போடுகிற தேய்ந்த பாகங்களைக்கூடத் தூர எறிய மனம் வராது. பிஸ்கெட் டப்பாக்களில் சேரும். ஒரு முறை நான், "யாரோட பொருளோ, எதுக்காகத் தூக்கிப் போட்டாங்களோ, உங்களுக்கு உறுத்தாதா?" என்று கேட்டேன்.

"போட்டதோட அவங்க உறவு முடிஞ்சு போச்சுங்க. எடுத்ததுலேருந்து எனக்கும் அதுக்கும்தான்" என்றார். அதை அவர் முழுமையாக நம்பினார்.

அரக்கு நிறச் சைக்கிள் அவருக்குக் கிடைத்தது ஊருக்கு வெளியே, கால்வாய் ஓரத்துக் குப்பைமேட்டில். உடைந்த குழாய்த் துண்டுகளுக்கும் விரிசல் விட்ட வாஷ்பேசினுக்கும் அடியில் அதன் பின்சக்கரம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் ஓட்டுகிற பழைய மாடல். கம்பியால் இழுத்துப் பிடிக்கிற பிரேக், ஸ்பிரிங் வைத்த சீட், சட்டத்தில் தங்க நிறத்தில் மெல்லிய கோடு. முன்சக்கரம் எட்டாக வளைந்திருந்தது. அதைத் தாங்குகிற ஃபோர்க்கும் பின்னால் மடங்கியிருந்தது. எதன்மீதோ மோதிய சைக்கிள் என்று குழந்தைக்கும் தெரியும். டைனமோவுக்கும் தெரிந்தது. யாரோ விழுந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். அதற்குமேல் நினைக்கவில்லை.

அன்று சாயங்காலம் அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு மனைவியிடம் பொரிந்து தள்ளினார். "இங்க பாரு, பின் பிரேக்குல கட்டையே இல்ல. ரப்பர் பூரா தேஞ்சு வெறும் தகடு ரிம்முல உரசியிருக்கு. ரிம்மு உள்பக்கம் எப்படிக் கோடு விழுந்திருக்கு பாரு. ஒரு பிரேக் கட்டை மாத்த எவ்வளவு நேரம் ஆகும்? இவங்களையெல்லாம் நிக்க வெச்சு நாலு அறை விடணும்."

"யாருன்னே தெரியாதவங்கள எதுக்கு அறையறீங்க? சாப்பிட வாங்க" என்றார் மனைவி.

அந்தச் சைக்கிளுக்கு அவர் மற்ற எதற்கும் இல்லாத நேரத்தைச் செலவழித்தார். ஃபோர்க்கை நிமிர்த்தினால் நம்பமுடியாது என்று இரும்புக் கடையில் தேடி அதே வகையில் வேறொன்று பிடித்தார். இரண்டு சக்கரத்துக்கும் வேறு ரிம் போட்டு, கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கிக் கோட்டம் எடுத்தார். பெல்லை மட்டும் அப்படியே விட்டுவிட்டார். பெல்லின் விரல் வைக்கிற பகுதி உடைந்துபோய், அதில் யாரோ ஒரு பெரிய நீலப் பொத்தானைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். "யாரோ மூளைக்காரன் செஞ்சிருக்கான்" என்று சிரித்துக்கொண்டே துடைத்து வைத்தார்.

வேலை முடிந்து வாசலில் நிறுத்தியபோது நடக்காத ஒன்று நடந்தது. மருந்துக் கடையிலிருந்து வந்த மனைவி கைப்பையைப் படியில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அதில் ஏறி உட்கார்ந்தார். சின்ன வயதில் ஓட்டியதுதான். தெருமுனை வரை தள்ளாடிக்கொண்டு போய், திரும்பி வரும்போது நிமிர்ந்து உட்கார்ந்து வந்தார். முகமெல்லாம் வேர்வை.

"இது எனக்கு" என்றார்.

டைனமோவுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷமாக எதை வைத்து வீட்டில் சண்டையோ அதே பொருளின் மேல் மனைவி உட்கார்ந்திருக்கிறார். மறுநாளிலிருந்து அவர் கடைக்கு அதில்தான் போனார். கால்வலி குறைந்ததாகச் சொன்னார். மாடியிலிருந்து பார்க்கிற எங்களுக்கே தெரிந்தது, அந்த வீட்டில் குரல்கள் இறங்கிவிட்டன. சாயங்காலங்களில் இருவரும் வாசலில் உட்கார்ந்து பேசுவார்கள். அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கேட்டால் அவர் மனைவி எடுத்துக் கொடுப்பார்.

மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், மார்க்கெட்டுக்கு அருகே சிக்னலில் காலூன்றி நின்றுகொண்டிருந்த டைனமோ மனைவியின் ஹேண்டில்பாரை ஒரு பெண்ணின் கை பிடித்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிற பெண்மணி. மெஷினை ஓடவிட்டுவிட்டு அப்படியே இறங்கி வந்திருக்கிறார். முகத்தைப் பார்க்கவில்லை. அந்த நீலப் பொத்தானையே பார்த்தார்.

"இது எப்படி உங்ககிட்ட?"

"என் வீட்டுக்காரர் ரிப்பேர் பண்ணிக் குடுத்தது. ஏம்மா?"

"இது போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கு" என்றார் அந்தப் பெண். குரலில் கோபமில்லை. குழப்பம் மட்டும் இருந்தது. "இது என் பொண்ணோட சைக்கிள். ஸ்டேஷன்லதான் இருக்கு."

பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. கையை அவர் எடுக்கவேயில்லை. டைனமோவின் மனைவி வேறு வழி தெரியாமல், அவரோடு சேர்ந்தே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அன்று டைனமோவுக்கு லீவு, வீட்டில்தான் இருந்தார்.

அந்தப் பெண்மணி தரையில் சைக்கிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. அத்தையிடமிருந்து தனக்கு வந்து, தன்னிடமிருந்து மகளுக்குப் போன சைக்கிள் என்றார். பொத்தான் அவருடைய பழைய கோட்டிலிருந்து மகள் பிய்த்தது. போன வருஷம், காலேஜுக்குப் போகிற வழியில், இறக்கத்தின் முடிவில் லாரி. ஒரே மகள். சைக்கிளைப் போலீஸ் கொடுக்கமாட்டேன் என்கிறார்கள் என்று கணவர் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறை கேட்டபோதும் அதையேதான் சொன்னாராம்.

"எங்க கிடைச்சுதுண்ணே?"

"குப்பைமேட்டுல" என்றார் டைனமோ.

அந்த அம்மா தலையை ஆட்டினார். சைக்கிளின் செயின் கவரைக் கையால் ஒருமுறை துடைத்தார். "புதுசு மாதிரி ஆக்கிட்டீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். எடுத்துக்கொண்டு போங்கள் என்று இவர்கள் பின்னாலேயே சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் டைனமோ பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஒருவர் நின்றார். தோளில் ஸ்பேனர் பை. பிளம்பர். அந்த அம்மாவின் கணவர். இரவெல்லாம் தூங்காத கண்.

"அண்ணே, கொஞ்சம் வெளிய வர்றீங்களா?"

இருவரும் மதில் ஓரமாகப் போய் நின்றார்கள். பிளம்பர் சுற்றி வளைக்கவில்லை.

"ஸ்டேஷன்லேருந்து எப்பவோ குடுத்துட்டாங்க. வீட்டுக்குக் கொண்டு போக முடியல. வேலைல உடைச்ச குழாயோட சேத்து வண்டில ஏத்திக் கொட்டிட்டு வந்துட்டேன். அவகிட்ட பொய் சொன்னேன். நேத்து எல்லாம் கேட்டுட்டா. அது பரவால்ல. தாங்கிக்கலாம்." நிறுத்தினார். "நீங்க அத எடுக்கும்போது பிரேக்கப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்போ உங்களுக்குத் தெரியும்."

டைனமோ கையிலிருந்த பிரஷ்ஷை மதில்மேல் வைத்தார்.

"பாப்பா எங்கிட்ட சொன்னா அண்ணே. ஒரு தடவ இல்ல. அப்பா பிரேக் பிடிக்கல, அப்பா சத்தம் வருதுன்னு. ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம், ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்னே தள்ளிட்டேன். ஊர்ல ஒரு குழாய் ஒழுக விட்டதில்ல நான். கூப்பிட்ட உடனே ஓடுவேன்." அவர் தோளிலிருந்த பை கீழே இறங்கியது. "என் வீட்டுக்காரி உங்ககிட்ட வந்து கேப்பா. பிரேக் எப்படி இருந்துச்சுன்னு கண்டிப்பா கேப்பா. நல்லாத்தான் இருந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. உங்க கால்ல விழுறேன். அவளும் போயிட்டா எனக்குன்னு யாரும் இல்ல."

டைனமோ எளிதில் இரங்குகிற மனிதர். அதைவிட, அந்த நேரத்தில் அவர் காதில் அவருடைய குரலே கேட்டுக்கொண்டிருந்தது. நிக்க வெச்சு நாலு அறை விடணும் என்று சொன்ன ஆள் இதோ எதிரே நிற்கிறார். இவரை இனி யார் அறைய வேண்டும்? "சரி தம்பி. சொல்றேன். நீ போ" என்றார். ஒரு பொய்யால் யாருக்கு என்ன நட்டம் என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கிறது.

அந்த அம்மா அன்று சாயங்காலமே வந்தார். இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீரை வாங்கிக் குடித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே, நீங்க இத எடுக்கும்போது பிரேக் எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தாம்மா இருந்துச்சு" என்றார் டைனமோ. எதிரே மனைவி நிற்கிறார் என்பது சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"பின்னாடி பிரேக்கா?"

"ரெண்டுமே."

அந்த அம்மாவின் முகத்தில் நிம்மதி வரும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். வந்தது அது இல்லை. அந்த முகம் மெல்ல மெல்ல அணைந்தது.

"அப்போ அந்த லாரிக்காரன் சொன்னதுதான் நிஜம் போல" என்றார்.

"என்னம்மா சொன்னான்?"

"இறக்கத்துல நேரா வந்துச்சாம். நிறுத்தப் பாக்கவே இல்லயாம். வேணும்னே வந்து விழுந்த மாதிரி இருந்துச்சாம். எங்க தெருவுல எல்லாரும் அதத்தான் பேசிக்கிட்டாங்க. பரீட்ச சரியா எழுதலன்னு அவ அழுதது ரெண்டு மூணு பேருக்குத் தெரியும். அதுக்குக் கண்ணு காது மூக்கு வெச்சுட்டாங்க." அவர் நிமிர்ந்து பார்த்தார். "நான் நம்பல. அவ எங்கிட்ட பிரேக் பிடிக்கலன்னு சொல்லியிருந்தா. அதனாலதான் நிறுத்த முடியலன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அத வெச்சுத்தான் இத்தன நாள் ஓட்டினேன். நீங்க பிரேக் நல்லா இருந்துச்சுங்கறீங்க."

அவர் எழுந்தார். வாசல்படியில் நின்று, யாரிடமும் இல்லாமல், "அவ்வளவு கஷ்டம்னா அம்மாகிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்றார். போய்விட்டார்.

கதவைச் சாத்திய பிறகு டைனமோவின் மனைவி அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிளம்பர் வந்துபோனதை டைனமோ அப்போதுதான் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டு முடித்த மனைவி சொன்னது எங்கள் வீட்டுக்கே கேட்டது.

"உயிரோட இருக்கற ஒருத்தனக் காப்பாத்தறேன்னு செத்துப்போன பொண்ணு தலைல பழியத் தூக்கி வெச்சுட்டீங்களே! நீங்க மனுஷன்தானா?"

"எனக்கு எப்படித் தெரியும்? அவன் அழுதான்..."

"அந்த அம்மா அழல. அழுதாத்தான் உங்களுக்குத் தெரியுமா?"

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சே இல்லை. மனைவி மருந்துக் கடைக்குப் பஸ்ஸில் போக ஆரம்பித்தார். அரக்கு சைக்கிளின்மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடிவிட்டார். டைனமோ ஆஸ்பத்திரியில் லிஃப்டின் மேல் நின்று கம்பிக் கயிற்றுக்குக் கிரீஸ் போடும்போது கை தன்பாட்டுக்கு நின்றுவிடும் என்று அவரோடு வேலை செய்தவர் பிறகு சொன்னார். என்ன யோசனை என்று கேட்டால், "ஒரு வார்த்தைய எப்படித் திரும்ப வாங்குறது?" என்பாராம். இவர் யாரிடமோ கடுமையாகப் பேசிவிட்டார் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

டைனமோ சில நாள் பொறுத்துப் பார்த்தார். பொறுக்க முடியவில்லை. பிஸ்கெட் டப்பாக்களை எல்லாம் தரையில் கவிழ்த்துத் தேடினார். கடைசி டப்பாவில் இருந்தது அந்தத் தகடு. ரப்பர் இருந்த இடத்தில் ஒரு கறுப்புப் பொடிகூட மிச்சமில்லை. இரும்பின் ஓரம் ரிம்மில் உரசி வழவழவென்றிருந்தது. கோடு விழுந்த பழைய பின் ரிம்மையும் கூரையிலிருந்து இறக்கிப் பார்த்தார்.

முதலில் பிளம்பரிடம்தான் போனார். பாதி கட்டிய ஒரு வீட்டில் சுவரைக் கொத்திக்கொண்டிருந்தார் அவர்.

"தம்பி, நான் சொல்லப் போறேன். நீயே சொல்லிட்டா உனக்கு நல்லது."

பிளம்பருக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் உளியைப் போட்டுவிட்டு டைனமோவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "யாருய்யா உன்ன எடுக்கச் சொன்னா? நான் குப்பைல போட்டத நீ எதுக்குய்யா எடுத்த? பொறுக்கிக்கிட்டுப் போயி, பளபளன்னு ஆக்கி, ஊர்ல ஓட்டவிட்டு... அது பாட்டுக்கு மக்கிப் போயிருக்கும்ல!"

டைனமோ கையைத் தட்டிவிடவில்லை. "உன் வீட்டம்மா, அந்தப் பொண்ணு வேணும்னே செத்துப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டிருக்கு. என் பொய்யால. உனக்குத் தெரியுமா அது?"

பிளம்பருக்குத் தெரியாது. வீட்டில் அந்த அம்மா எதையும் சொல்லவில்லை. அவர் பிடி தளர்ந்தது. சுண்ணாம்புத் தூசு படிந்த முகத்தோடு சிமென்ட் மூட்டையின் மேல் உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்க" என்று எழுந்தார்.

அவர்கள் வீட்டில் நடந்ததை டைனமோ எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன். சின்ன வீடு. முன்னறையில் மகளுடைய செருப்பு இன்னும் அலமாரிக்கடியில் இருந்தது. அந்த அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்து வந்ததைப் பார்த்ததுமே மடிப்பதை நிறுத்திவிட்டார்.

"நான் உங்ககிட்ட பொய் சொன்னேம்மா" என்று டைனமோ தகட்டை நீட்டினார். "இதுதான் பின் பிரேக்குல இருந்தது. கட்டையே இல்ல. முன்னாடிது மோதினதுல நசுங்கிப் போச்சு, அது எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

அந்த அம்மா அதைக் கையில் வாங்கிக் கட்டைவிரலால் தடவினார்.

"எங்கிட்ட சொன்னா" என்றார் பிளம்பர். கதவருகிலேயே நின்றுகொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பலதடவ சொன்னா. நான்தான் பாக்கல. நான்தான் இவர பொய் சொல்லச் சொன்னேன்."

அந்த அம்மா கத்துவார் என்று இருவரும் காத்திருந்தார்கள்.

"எங்கிட்டயும்தான் சொன்னா" என்றார் அவர். "அப்பாகிட்ட சொல்லுன்னுட்டேன். அன்னிக்குக் காலைலகூடச் சொன்னா. நேரமாச்சு கிளம்புன்னு நான்தான் தள்ளிவிட்டேன். அவ உங்ககிட்ட சொன்னாளான்னு ஒரு வருஷமா நான் கேக்கல. நீங்க இல்லன்னு சொல்லிட்டா, அது என் தலைல மட்டும்தானே விழும்?"

ஒருவர் முகத்தை ஒருவர் அவர்கள் பார்த்துக்கொள்ளவில்லை என்றார் டைனமோ. ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், ஒரே விஷயத்தை ஆளுக்கொரு பக்கமாக மறைத்துக்கொண்டு ஒரு வருஷம் படுத்திருக்கிறார்கள்.

பிறகு அந்த அம்மா டைனமோவைப் பார்த்து, "அவ பிரேக்கப் பிடிச்சாளா?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் தனக்கு நாக்கு துடித்தது என்று அவர் ஒத்துக்கொண்டார். ஹேண்டிலே வளையும்படி பிடித்திருந்தாள், கம்பியே பிய்ந்து வரும்படி இழுத்திருந்தாள் என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் தெரிந்ததை மட்டும் சொன்னார்.

"ரிம்முல பழைய கோடு நிறைய இருக்கும்மா. அதுக்கு மேல ஒரு கோடு மட்டும் ரொம்ப ஆழம். அவ்வளவு ஆழமா விழணும்னா முழு பலத்தோட பிடிச்சாத்தான் உண்டு. அது அன்னிக்கு விழுந்ததான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா பிடிக்காம விட்ட சைக்கிள் இல்லம்மா அது."

அந்த அம்மா தகட்டை முந்தானையில் முடிந்துகொண்டார். அழுதது பிளம்பர்தான்.

இத்தோடு மனசு ஆறி எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மறுநாள் அந்த அம்மா ஜெராக்ஸ் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, தன் தெருவில் வீடு வீடாக ஏறினார். ஒவ்வொரு கதவையும் தட்டி, அந்தத் தகட்டைக் காட்டி, "என் பொண்ணு வேணும்னே விழல. பிரேக் இல்ல. எனக்குத் தெரியும், அவங்க அப்பாவுக்கும் தெரியும், நாங்க மாத்திக் குடுக்கல. இனிமே யாராவது பேசறதா இருந்தா எங்களப் பேசுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். சிலர் கதவைத் திறக்கவேயில்லை. சிலர் அணைத்துக்கொண்டார்கள். ஒரு வீட்டுக்காரர், "நாங்க அப்படியெல்லாம் பேசவே இல்லையே" என்று சத்தியம் செய்தாராம். அவர்தான் முதலில் பேசியவர்.

பிளம்பரால் அதைத் தாங்க முடியவில்லை. வீட்டுக்குள் ஒப்புக்கொண்டது வேறு, தெருவில் தலைகுனிந்து நடப்பது வேறு. தெருக்காரர்கள் குழாய் ரிப்பேருக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். சிலர் கூப்பிட்டபோது இவர் போகவில்லை. வீட்டில் பெரிய சண்டை. "என்னைக் கேக்காம என் மானத்த வாங்கிட்ட" என்று இவர் சொல்ல, "உங்க மானம் பெருசா, அவ மானம் பெருசா?" என்று அந்த அம்மா கேட்டார். பெட்டியைக் கட்டிக்கொண்டு அந்த அம்மா வெளியூரில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

செய்தி வந்த அன்று டைனமோ வேலைக்குப் போகவில்லை. சைக்கிள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். அவர் மனைவிதான் மத்தியானம் கதவைத் திறந்து, ரொம்ப நாளைக்குப் பிறகு அவரோடு பேசினார்.

"நீங்க உண்மையச் சொன்னது சரிதாங்க."

"ஒரு குடும்பத்தப் பிரிச்சுட்டேன்."

"அது எப்பவோ பிரிஞ்சு போச்சு. யாருக்கும் தெரியாம இருந்துச்சு, அவ்வளவுதான்."

அந்தப் பதிலில் அவருக்குச் சமாதானம் ஏற்படவில்லை. இன்றுவரை ஏற்பட்டதாகத் தெரியவில்லை. ஒருநாள் மாடிக்கு வந்து, "நான் அத அந்தக் குழாயோட சேத்து அங்கேயே விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று கேட்டார். அந்த அம்மா போலீஸ் ஸ்டேஷனில் சைக்கிள் இருக்கிறதென்று நம்பிக்கொண்டிருப்பார், பிளம்பர் ஊர்க் குழாயெல்லாம் அடைத்துக்கொண்டிருப்பார், தெரு அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்திருக்கும் என்றேன். "அதான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார். எதற்கு ‘அதான்’ என்று எனக்குப் புரியவில்லை.

வெயில் ஆரம்பித்த பிறகு ஒரு காலையில் பிளம்பர் வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். டைனமோ வாசலுக்கு ஓடினார். பழைய கோபம் எதுவும் பேச்சில் வரவில்லை.

"அவ சைக்கிளக் கேட்டா அண்ணே. போன் பண்ணினா. முதல் தடவ அவளா பண்ணினா."

"ஓட்டவா?"

"தெரியல. கேக்கல. கேட்டா போன வெச்சுடுவாளோன்னு பயம்."

டைனமோவின் மனைவி போர்வையை எடுத்தார். காற்று இறங்கியிருந்தது, அடித்துக் கொடுத்தார்கள். லாரியில் ஏற்றிவிடலாமே என்று டைனமோ சொன்னதற்குப் பிளம்பர் தலையாட்டினார், வேண்டாம், ரயிலில் கூடவே வைத்துக்கொண்டு போகிறேன் என்றார். ஹேண்டில்பாரில் கை வைக்கும்முன் பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டார். ஏறவில்லை. தள்ளிக்கொண்டே தெருவைக் கடந்து போனதை நான் மாடியிலிருந்து பார்த்தேன்.

அந்த அம்மா இன்னும் அக்கா வீட்டில்தான் இருக்கிறார். பிளம்பர் லீவு நாட்களில் போய்வருகிறார், சில முறை ராத்தங்குகிறார் என்று கேள்வி. அந்த அம்மா இங்கே திரும்பி வருவாரா என்று யாருக்கும் தெரியாது. சைக்கிளை அந்த அம்மா என்ன செய்கிறார் என்று, அக்கா வீட்டுக்குப் போயிருந்த பிளம்பரிடம் டைனமோ ஒருதரம் போனில் கேட்டாராம். "வெளித் தாழ்வாரத்துல நிக்குது. சில நாள் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போவா. பொத்தான மாத்தல" என்றாராம் பிளம்பர். அதற்குள் அந்தப் பக்கம் யாரோ அவரைக் கூப்பிட்டார்களாம். பெண் குரல். அந்த அம்மாவுடையதா, அவர் அக்காவுடையதா என்று டைனமோவுக்குச் சரியாகக் கேட்கவில்லை.